அத்தானின் ஹோமோசிஸ்டீன் ரிப்போர்ட்

முழு உடல் பரிசோதனை என்று பேக்கேஜ் போட்டு விற்க ஆரம்பித்த பிறகு, எங்கள் லேபுக்கு ஒரு புதுக் கேள்வி வந்து சேர்ந்திருக்கிறது. "ஹோமோசிஸ்டீன் கூட இருக்குன்னு சிவப்புல போட்டிருக்கே, ஹார்ட் அட்டாக் வந்துருமா?" ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்து கேட்கிறார்கள். ஹோமோசிஸ்டீன் என்பது சாப்பாட்டில் உள்ள புரதத்தை உடல் பயன்படுத்தும்போது ரத்தத்தில் உண்டாகிற ஒரு அமினோ அமிலம். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மருந்து சொல்வது என் வேலை இல்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த எண் எப்படி உருவாகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையாவது எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். நடக்கும்போது நெஞ்சை அடைக்கிறது என்று போய், ஆஞ்சியோ பார்த்து, ஸ்டென்ட் வைத்து, அப்புறம் ஆஸ்பிரின், கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின், பிரஷர் மாத்திரை, வயிற்றுக்குப் பான்டோப்ரசோல் என்று ஒரு டப்பா நிறைய சேர்ந்துவிட்டது. எங்களுடையது சைவக் குடும்பம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று அத்தான் பாலை விட்டார், தயிரை விட்டார், கடுங்காப்பிக்கு மாறினார். அவருக்கு உயிரான தேங்காய்ப்பால் சொதியைக்கூட விசேஷ வீடுகளில் வேண்டாம் என்று ஒதுக்கினார். அவ்வளவு கட்டுப்பாடு. அதனால்தான் அந்த பேக்கேஜ் ரிப்போர்ட் அவரை அப்படி உலுக்கிவிட்டது. எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 68, கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினின் சரி, மூன்று மாத சர்க்கரை சராசரி பரவாயில்லை. ஹோமோசிஸ்டீன் மட்டும் லிட்டருக்கு 34 மைக்ரோமோல். 15-க்குள் இருக்க வேண்டும், கூடினால் இதய நோய் அபாயம் என்று பக்கத்தில் ஒரு வரி.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அவர் நாலு பேரிடம் கேட்க, யாரோ ஒரு நீளமான வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். இதய நோய்க்கு உண்மையான காரணம் ஹோமோசிஸ்டீன்தான், 1969-லேயே மெக்கல்லி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்துவிட்டார், அவரை வேலையைவிட்டே துரத்திவிட்டார்கள், கொலஸ்ட்ரால் மாத்திரையெல்லாம் வியாபாரம், மூன்று வைட்டமின் போதும். இதுதான் சாரம்.

அக்கா ராத்திரி போன் பண்ணினாள். "ஏட்டி, உங்க அத்தான் கொலஸ்ட்ரால் மாத்திரைய ஒரு மாசமா போடல. நான் சொன்னா ஏறவே மாட்டேங்கி. நீ வந்து சொல்லு, லேப்காரின்னு உன் பேச்சக் கேப்பாவ."

போனேன். அத்தான் ரிப்போர்ட்டையும் போனையும் எடுத்து முன்னால் வைத்தார். "கொலஸ்ட்ரால் 68 தானம்மா இருக்கு. அது நல்லாத்தான இருக்கு? வினை இந்தப் பக்கம்லா இருக்கு. அதான் அத நிறுத்திட்டேன்." 68 என்பது மாத்திரை போட்டதால் வந்த 68 என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் கையில் இருந்தது எண் மட்டும் இல்லை, ஒரு கதை. நம்பிக்கையைக் கிளப்புகிற, நல்ல கதை. அதை முழுதாகச் சொல்லாமல் மாத்திரையைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று தோன்றியது.

அந்த வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை. கில்மர் மெக்கல்லி பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நோய்க்கூறியல் மருத்துவராக இருந்தவர், ஹார்வர்டில் கற்பித்தவர். அவர் கதை தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு, 1962-ல், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் சில குழந்தைகளின் சிறுநீரில் ஹோமோசிஸ்டின் (ஹோமோசிஸ்டீன் இரண்டிரண்டாகச் சேர்ந்த வடிவம்) வெளியேறுவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிறவியிலேயே ஒரு நொதி வேலை செய்யாத அரிய நோய். ஹோமோசிஸ்டினூரியா என்று பெயர். கண்ணின் லென்ஸ் இடம் பெயரும், கைகால் நீண்டு மெலிந்திருக்கும், சின்ன வயதிலேயே ரத்தம் உறையும். பாஸ்டனில் இதே நோயோடு ஒரு சிறுமி வந்தபோது, அவளுடைய தாய்மாமா ஒருவர் எட்டு வயதில் பக்கவாதம் வந்து இறந்தது தெரியவந்தது. இறந்தது 1933-ல், அதே மருத்துவமனையில். எட்டு வயதுப் பையனுக்குப் பக்கவாதம் என்பதால் அந்தக் காலத்திலேயே அது மருத்துவ இதழில் பதிவாகியிருந்தது.

மெக்கல்லி அந்தப் பையனின் பாதுகாக்கப்பட்ட திசுக்களைத் தேடி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஆன திசு. எட்டு வயதுப் பையனின் ரத்தக்குழாய்ச் சுவர், வயதானவர்களுக்கு இருப்பதுபோலத் தடித்து இறுகியிருந்தது. ஆனால் கொலஸ்ட்ரால் படிவு இல்லை. அடுத்ததாக, இரண்டு மாதக் குழந்தை ஒன்று. அதற்கும் ஹோமோசிஸ்டீன் ஏறியிருந்தது, ரத்தக்குழாய்களிலும் அதே சேதம். ஆனால் நோய் வேறு. பையனின் குடும்பத்து நோயில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் ஏறும். இந்தக் குழந்தைக்கோ பி12-ஐ உடல் பயன்படுத்திக்கொள்வதில் கோளாறு, அதில் மெத்தியோனின் இறங்கும். இரண்டு குழந்தைகளுக்கும் பொதுவாக மிஞ்சியது ஹோமோசிஸ்டீன் மட்டும். அப்படியானால் குழாயைக் கெடுப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1969-ல் எழுதினார். இரண்டே இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அப்படி ஒரு முடிவுக்கு நேராகப் போய் நின்ற அறிவு எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது. தினமும் நுண்ணோக்கியில் கண் வைக்கிற வேலையில் இருப்பதால் அந்தப் பிரமிப்பு கொஞ்சம் கூடுதல்.

அவரை ஓரங்கட்டினார்கள் என்பதும் உண்மைதான். கொலஸ்ட்ரால்தான் எல்லாம் என்றிருந்த காலம். 1970-களின் கடைசியில் அங்கே அவருக்கு இடமில்லாமல் போனது. பிறகு ராட் ஐலண்டில், முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். 1992-ல் காற்று திரும்பியது. அமெரிக்காவில் சுமார் 15,000 ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்த 5 சதவீதத்தினருக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று வந்தது. அதன்பின் ஆய்வுக்கு மேல் ஆய்வு. மெக்கல்லி சொன்னது வீண் போகவில்லை என்று உலகம் ஒத்துக்கொண்டது. 2025-ல், 91 வயதில் காலமானார்.

அத்தானுக்கு வந்த செய்தி 1990-களோடு நின்றுவிட்டது. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

ஹோமோசிஸ்டீன் கூடினால் இதய நோய் கூடுகிறது என்றால், அதைக் குறைத்தால் இதய நோயும் குறைய வேண்டுமே? குறைப்பது கஷ்டமும் இல்லை. ஃபோலிக் அமிலம், பி12, பி6 கொடுத்தால் இறங்கிவிடும். மலிவான மாத்திரைகள். அதனால் ஆர்வத்தோடு பெரிய சோதனைகளைத் தொடங்கினார்கள். நார்வேயில் மாரடைப்பு வந்து பிழைத்த சுமார் 3,700 பேரிடம் செய்ததன் முடிவு 2006-ல் வெளியானது. ஹோமோசிஸ்டீன் கால்வாசிக்கு மேல் இறங்கியது. மாரடைப்பு இறங்கவில்லை. மூன்று வைட்டமினையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குப் பாதிப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றாலும். அதே வருடம் கனடாவை மையமாகக் கொண்ட ஹோப்-2 சோதனை, 5,500-க்கு மேற்பட்டோர், ஐந்து வருடம். எண் இறங்கியது, மாரடைப்பும் இதய மரணமும் குறையவில்லை. பக்கவாதம் மட்டும் சற்றுக் குறைந்தது. 2010-ல் இங்கிலாந்தில், மாரடைப்பிலிருந்து மீண்ட 12,000 பேரிடம் செய்த சோதனையிலும் இதயத்துக்கு லாபம் ஏதும் இல்லை.

பக்கவாதத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் உண்டு. சீனாவில் ரத்த அழுத்தம் உள்ள சுமார் 20,000 பேரில் பாதிப் பேருக்கு எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை மட்டும், மீதிப் பேருக்கு எனலாப்ரிலோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். நான்கரை வருடத்தில் முதல் பக்கவாதம் வந்தவர்கள் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்தார்கள். 2015-ல் வந்த முடிவு இது. அமெரிக்காவில் 1998 முதலே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம், சீனாவில் அப்படி இல்லை. குறை உள்ள இடத்தில் கொடுத்தால் பலன் தெரிகிறது என்று புரிந்துகொள்ளலாம். அங்கேயும் பிரஷர் மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை என்பதை அத்தானிடம் இரண்டு முறை சொன்னேன்.

"அப்ப அந்த 34-க்கு அர்த்தமே இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அர்த்தம் இருக்கிறது. ஹோமோசிஸ்டீன் சாப்பாட்டில் நேரடியாக வருவதில்லை. பருப்பு, பால், முட்டை, இறைச்சி என்று எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் அதில் மெத்தியோனின் இருக்கும். உடல் அதை வேலைக்குப் பயன்படுத்தும்போது நடுவில் உண்டாவதுதான் ஹோமோசிஸ்டீன். அத்தானிடம் நம்ம ஜங்ஷனை வைத்துத்தான் விளக்கினேன். பஸ் ஜங்ஷனுக்கு வந்துவிட்டது, இரண்டு ரோட்டில் ஏதாவது ஒன்றில் கிளம்பியாக வேண்டும். ஒரு ரோடு திரும்பவும் மெத்தியோனினுக்கே போகும், அதற்கு பி12-ம் ஃபோலேட்டும் (மாத்திரையில் வரும்போது ஃபோலிக் அமிலம்) வேண்டும். இன்னொரு ரோடு சிஸ்டீனுக்குப் போகும், அதற்கு பி6 வேண்டும். ரோடு அடைத்துக்கொண்டால் பஸ்கள் ஜங்ஷனிலேயே தேங்கும். ரிப்போர்ட்டில் இருக்கிற எண் அந்தத் தேக்கத்தின் அளவு. எந்த ரோடு அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் பிரயோஜனம் இல்லை. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டாலும் ஏறும். தைராய்டு குறைந்தாலும் ஏறும். புகை பிடித்தாலும், வயதானாலும், சில மாத்திரைகளாலும் ஏறும். இதில் கிட்னிக் கோளாறும் புகையும் வயதும் தாமாகவே இதயத்தைக் கெடுக்கக்கூடியவை. ஹோமோசிஸ்டீன் கூடியவர்களுக்கு மாரடைப்பு கூடுவதில் இவற்றின் பங்கு பெரிது. அதனால்தான் எண்ணை மட்டும் இறக்கினால் போதவில்லை என்பது இப்போது பலரும் ஏற்கிற விளக்கம்.

ஹோமோசிஸ்டினூரியா இதிலிருந்து விலகி நிற்கிற விஷயம். அங்கே எண் 100-ஐத் தாண்டும், இரத்தம் உறைந்து உயிரே போகலாம். அதைக் குறைத்தால் நிஜமாகவே உயிர் பிழைக்கிறார்கள். மெக்கல்லி பார்த்த குழந்தைகள் அந்த வகை. 34-ஐயும் அதையும் ஒரே தட்டில் வைத்ததுதான் அந்த வாட்ஸ்அப் செய்தியின் கோளாறு.

சரி, 34-க்கு வருவோம். ரிப்போர்ட்டில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த எண்ணே இல்லை, ரத்தம் எடுத்த நேரமும் லேபுக்குப் போய்ச் சேர்ந்த நேரமும்தான். இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வந்த பையன் இன்னும் நாலைந்து வீடு முடித்துவிட்டு, பைக்கில், சித்திரை வெயிலில் போயிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான சோதனைகளுக்கு இந்தத் தாமதம் பெரிய விஷயம் இல்லை. ஹோமோசிஸ்டீனுக்கு விஷயம்தான். ஊசியில் இருந்து குழாய்க்குள் வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை ஹோமோசிஸ்டீனைத் தயாரித்துச் சுற்றியுள்ள பிளாஸ்மாவுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குப் பத்து சதவீதம் வரை ஏறலாம். நாங்கள் என்ன செய்வோம் என்றால், ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில் ரத்தத்தை எடுத்து, நாலைந்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, உடனே ஐஸ் கட்டி போட்ட டப்பாவில் சொருகிவிடுவோம். ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றியாக வேண்டும். சுற்றி எடுத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வெளிர் மஞ்சளில் பிளாஸ்மா நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைத் தொடாமல் பிளாஸ்மாவை மட்டும் பிப்பெட்டில் உறிஞ்சி வேறு குழாய்க்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் அப்புறம் கவலை இல்லை, எண் அப்படியே நிற்கும். இந்தச் சோதனைக்கு ஆயிரம் ரூபாய் அளவில் வாங்குகிறோம். இந்த ஒரு மணி நேரக் கவனம் இல்லையென்றால் அந்தப் பணம் வீண்.

அத்தானை வெறும் வயிற்றில் லேபுக்கே வரச்சொல்லி நானே எடுத்தேன். 34 என்று இருந்தது 27 ஆக வந்தது. பாதிப் பயம் போயிற்று. ஆனால் 27-ம் கூடுதல்தான். அவருடைய டாக்டரிடம் பேசி, அதே ரத்தத்தில் பி12-ஐயும் லிப்பிட் என்கிற கொழுப்பு அளவுகளையும் சேர்த்துப் பார்த்தோம். பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 121 பிகோகிராம். எங்கள் சோதனைக் கிட்டில் 200-க்குக் கீழே போனாலே குறைவு. கிட்னியும் தைராய்டும் சரி. எந்த ரோடு அடைத்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அந்த பேக்கேஜ் ரிப்போர்ட்டைத் திரும்பப் புரட்டினால், சிவப்பணுவின் சராசரி அளவு 102 என்று வேறு இருந்தது. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் இப்படித்தான் பெருத்துப்போகும். ஹோமோசிஸ்டீனுக்கு இருந்த மிரட்டல் வரி இதற்கு இல்லாததால் யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

ஏன் குறைந்தது என்று துப்பறிய வேண்டியதே இல்லை. பி12 எந்தச் செடியிலும் இல்லை. கீரையில் இல்லை, பருப்பில் இல்லை, உளுந்தங்கஞ்சியில் இல்லை. புளித்த இட்லி மாவில் இருக்கிறது, நீராகாரத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள், அதை நம்பி இருக்க முடியாது. சைவர்களுக்குக் கதி பாலும் தயிரும் மோரும்தான். ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம், நாளுக்கு வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அத்தான் அதையும் விட்டுவிட்டார். மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோப்ரசோலும் தன் பங்குக்குக் குறைக்கும். மூன்று பக்கமும் கதவைச் சாத்திய மாதிரி ஆகிவிட்டது. அவருக்குக் கால் எரிச்சல் இரண்டு வருடமாக இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு வருவதுதானே என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

இது அத்தான் ஒருவருடைய கதை இல்லை. புனேயில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஹோமோசிஸ்டீன் 15-க்கு மேல் இருந்தது, பி12 பற்றாக்குறையின் அடையாளங்களும் இருந்தன. அந்த ஆய்வைப் படித்த பிறகுதான் எங்கள் லேபில் வருகிற சிவப்பு எண்களை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். நம் ஊரில் ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பி12-ஐத்தான். இதயத்தைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொண்டு பயப்படுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுவே. பி12 குறைந்தால் நரம்பு கெடும், ஞாபகம் மங்கும், ரத்தம் சோகையாகும். மாரடைப்பு பயத்தால் இது வெளியே தெரிந்தால் நல்லதுதான். ஆனால் தெரிந்தபின் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும், கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது.

டாக்டர் அத்தானிடம் கோபப்படவில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாத்திரை போட்டபோது எல்டிஎல் 68, நிறுத்திய ஒரு மாதத்தில் 124. "இந்த 68 உங்க உடம்பு தானா தந்தது இல்ல சார், மாத்திரை தந்தது. ஸ்டென்டக் காப்பாத்துறது இது. வைட்டமின் உங்க காலக் காப்பாத்தும். ரெண்டும் வேணும்" என்றார். அத்தான் அன்றைக்கு ராத்திரியே அடோர்வாஸ்டாடினை எடுத்துக்கொண்டார் என்று அக்கா சொன்னாள். பி12 ஊசி தொடங்கினார்கள், அப்புறம் மாத்திரை. ஃபோலிக் அமிலத்தை பி12-க்குப் பிறகுதான் சேர்த்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், ரிப்போர்ட் அழகாக இருக்கும், உள்ளே நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும். மெடிக்கலில் தானாகப் போய் வைட்டமின் வாங்குகிறவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். பி6-ம் அப்படியே. அதை அதிக அளவில் நாள்கணக்கில்லாமல் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஹோமோசிஸ்டீன் 13. எல்டிஎல் திரும்ப 70 பக்கம். கால் எரிச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் ராத்திரி போர்வையைக் காலில் போட முடிகிறது என்கிறார். தயிர் திரும்ப வந்திருக்கிறது, ஆடை எடுத்த பாலில் உறை ஊற்றியது. 13 என்று வந்ததால் மாரடைப்பு அபாயம் இவ்வளவு குறைந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பி12 ஏறியது உடம்புக்கு நல்லது, அதற்கு மேல் சொன்னால் நானும் அந்த வாட்ஸ்அப் செய்தி மாதிரி ஆகிவிடுவேன்.

இந்தச் சோதனையை யார் கேட்டுச் செய்துகொள்ளலாம் என்று பலர் கேட்கிறார்கள். எல்லோரும் செய்ய வேண்டியதில்லை, இதய நோய் நிபுணர்களும் வழக்கமாக எழுதுவதில்லை. சின்ன வயதில் காரணம் தெரியாமல் ரத்தம் உறைந்தவர்கள், இளம் வயதில் பக்கவாதம் வந்தவர்கள், குழந்தைக்குக் கண் லென்ஸ் இடம் பெயர்ந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், இவர்களுக்கு டாக்டரே எழுதுவார். பி12 எண் இரண்டுங்கெட்டானாக, 200-க்கும் 300-க்கும் நடுவில் நிற்கும்போது உதவியாகப் பார்ப்பதும் உண்டு. ஃபோலேட்டை உடல் பயன்படுத்த உதவுகிற நொதியின் மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க, எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுச் சோதனை என்று சில ஆயிரங்களுக்கு விற்கிறார்கள். அந்த மாற்றம் நிறையப் பேருக்குச் சாதாரணமாகவே இருப்பது. ஃபோலேட் போதுமான அளவு இருந்தால் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்தப் பணத்துக்கு பி12 சோதனையைக் குடும்பத்தில் எல்லோருக்குமே பார்த்துவிடலாம்.

குடும்பம் என்றதும் அக்காவைச் சொல்லாமல் விட முடியாது. இவ்வளவும் நடந்தபோது அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தது அவள்தான். அத்தான் சாப்பிடுகிற அதே சாப்பாடு. அவர் தயிரை விட்டதும் வீட்டில் தயிரே போடாமல் இருந்தவள். அவளுக்கு ஸ்டென்ட் இல்லை, சர்க்கரை இல்லை, அதனால் பேக்கேஜும் இல்லை. படி ஏறினால் அசதி, கையில் மதமதப்பு, நாக்குப் புண் வந்து வந்து போகிறது என்று எப்போதாவது சொல்வாள், வயசாகுதுல்லா என்று அவளே முடித்துவிடுவாள். அத்தானின் ரிப்போர்ட்டை வாங்க வந்த அன்றைக்கு உட்கார வைத்து ரத்தம் எடுத்தேன். பி12, 94. அத்தானைவிடக் குறைவு. ஹீமோகுளோபின் 9-க்குப் பக்கம். ஹோமோசிஸ்டீன் பார்க்கவே இல்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இப்போது அவளுக்கும் ஊசி போகிறது. ரேஷன் கடையில் கொடுத்த செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்திருப்பார்கள் என்று சொன்னேன். நிறம் வேறாக இருக்கிறதே என்று அந்தப் பருக்கைகளை இத்தனை நாள் பொறுக்கி எறிந்திருக்கிறாள், இனி எறிவதில்லை. அவளுடைய மகள் கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள், குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் வீட்டுச் சாப்பாட்டிலேயே வளர்ந்தவள். கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு மூடுவது முதல் நாலு வாரத்தில், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே. ஃபோலிக் அமிலம் அதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு பி12-ம் என்னவென்று பார்த்துவிட வேண்டும். ஆடிக்கு வருகிறாளாம். வந்ததும் லேபுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.